மாவுக்கடை ஸ்டாப்

ரயில் வருவதற்கு முன்பே ரயிலை எதிர்த்த பெருமை தாழம்பூ நகருக்கு உண்டு. திருநெல்வேலிக்கு மேற்கே, வயல் மனையாகி, மனை வீடாகி, வீடு மாடி வீடாகிக்கொண்டிருந்த இடத்தில், தாழம்பூ ஒன்றுகூடப் பூத்தறியாத அந்த நகரில், முதலில் சாலை வந்தது, பிறகு குழாய் வந்தது, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே குடியிருப்போர் நலச் சங்கம் வந்துவிட்டது. சங்கம் வந்த பிறகு எதிர்ப்பதற்கு ஏதாவது வர வேண்டுமே என்று எல்லோரும் காத்திருந்தபோது, நகரின் கிழக்கு ஓரமாகப் புதிய ரயில் பாதை போகப்போகிறது என்ற செய்தி வந்து, சங்கத்துக்கு உயிர் வந்தது.

எதிர்ப்பதற்குக் காரணம் ஆளுக்கு ஒன்று இருந்தது. சங்கத் தலைவர் உலகநாதன், கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரயில் சத்தத்தில் மதியத் தூக்கம் போய்விடும் என்றார். அவர் மனைவி பகவதி, அதிர்வில் பூஜை அறைப் படங்கள் கோணிக்கொள்ளும் என்றாள். சிலருக்குச் சுற்றுச்சுவரில் ஒரு முழம் போகும், சிலருக்கு முருங்கை மரம் போகும். வீடே போவது ஆவுடையம்மாளுக்கு மட்டும்தான். மூன்றாம் தெருவின் கடைசி வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கும் அவள்தான் எதிர்ப்புக் கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசினாள். கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு வந்தவள் எவ்வளவு நேரம் பேச முடியும்?

தாழம்பூ நகரில் யாரும் வீட்டில் மாவு அரைப்பதில்லை. ஆவுடையம்மாளின் மாவு ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். அதற்குக் காரணம் அரிசியும் அல்ல, உளுந்தும் அல்ல, தன் கையும் அல்ல, தன் அடுக்களைச் சுவர் என்று அவள் சொல்வாள். ஒருமுறை தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், அதே அரிசியை, அதே உளுந்தை, அதே கையால் அரைத்து வைத்தாள். மாவு களிமண் மாதிரி கிடந்தது. "புளிப்பு அந்தச் சுவத்துல குடியிருக்கு. என்னைய எங்க வேணும்னாலும் குடிவைக்கலாம், அதைக் குடிவைக்க முடியாது" என்பாள். சர்க்காரின் இழப்பீட்டு விதிகளில் சுவரில் குடியிருக்கும் புளிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. அவள் புருஷன் மாசானம் அரிசி களைவார், பேசமாட்டார். அவர் பங்குப் பேச்சையும் கிரைண்டரே பேசிவிடும். அந்தச் சத்தத்தில் அவருக்குப் பகல் தூக்கம் என்று ஒன்று வாய்த்ததே இல்லை.

ஜெனிட்டா என்ற இளம் பொறியாளர் தலைக்கவசத்தோடு வந்து, ஆவுடையம்மாள் வீட்டு வாசலில், துவைகல்லுக்குப் பக்கத்தில், ரயில்வேயின் சர்வே கல்லை நட்டுவிட்டு, தாகமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போன அன்று மாலை, சங்கம் அவசரமாகக் கூடியது.

"கல்லைப் பிடுங்கி வாய்க்கால்ல போடுவோம்" என்றார் ஒருவர்.

"பிடுங்கினா கேஸ் வரும். பென்ஷனை நிறுத்திருவான்" என்றார் உலகநாதன். கூட்டத்தில் பாதிப்பேர் பென்ஷன்காரர்கள். வீரம் அடங்கியது.

அப்போதுதான் செயலாளர் செங்குட்டுவன் எழுந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், எப்போதும் கறுப்புச் சட்டை, வெயிலுக்குக்கூடக் கோயில் நிழலில் ஒதுங்காதவர்.

"பிடுங்காதிய. மஞ்சளைத் தடவுங்க" என்றார்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"வாழ்நாளெல்லாம் நான் தொண்டை கிழியக் கத்துன விஷயம்தான். நடுரோட்டுல ஒரு கல்லுக்கு மஞ்சளைப் பூசிட்டா, ரோடுதான் வளையும், கல்லு வளையாது. இத்தனை நாளா அது நாட்டுக்குக் கேடு. ஒரு தடவை நமக்கு உதவட்டுமே."

"உமக்குத்தான் சாமி கிடையாதே!"

"எனக்குக் கிடையாது. ரயில்வேக்கு இருக்கும்லா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒரு கை மஞ்சளும் ஒரு பொட்டுக் குங்குமமும் போதும் என்பதுதான் செங்குட்டுவனின் திட்டம். ஆனால் தாழம்பூ நகரில் எதையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் கிடையாது. "ஒப்புக்குச் செய்யக் கூடாது" என்று பகவதி சொல்லிவிட்டாள். குருக்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், நல்ல நாள் பார்த்தார்கள், யாகம் வளர்த்தார்கள், குடத்துநீர் ஊற்றினார்கள், தங்க ஊசியால் கண் திறந்தார்கள், சர்வே கல்லுக்குச் சர்வேஸ்வரி அம்மன் என்று பெயரும் வைத்தார்கள். பொய்யாகச் செய்ய வேண்டிய வேலையை மெய்யாகச் செய்துவிட்டதுதான் அவர்கள் செய்த ஒரே தவறு. கண் திறந்த கல் சும்மா இருக்குமா? அடுத்த செவ்வாய்க்கிழமையே வேலையை ஆரம்பித்துவிட்டது.

முதலில் வேண்டிக்கொண்டவள் பகவதி. முழங்கால் வலி போக வேண்டும் என்று கேட்டாள். வலி போயிற்று. போய், எதிர் வீட்டு ஃபிலோமினா டீச்சரின் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது. டீச்சர் நல்ல மனசுக்காரர். பகவதிக்கே அதைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், அம்மனிடம் சொல்லி அடுத்த தெருவுக்கு அனுப்பினார். அந்த வலி தெருத் தெருவாக, முழங்கால் முழங்காலாகச் சுற்றி, வாரக் கடைசியில் தன் சொந்த ஊருக்கு வருவது போலப் பகவதியிடமே வந்து இறங்கியது. சங்கம் உடனே கூடி, மனை விற்கும்போது பூங்கா வரும், நூலகம் வரும், தாழம்பூ பூக்கும் என்று சொல்லிவிட்டுப் போன மனை வியாபாரியின் முழங்காலுக்கு அதை ஏகமனதாக அனுப்பிவைத்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் மாட்டியது: "எதையும் போகச் சொல்பவர்கள், அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி வேண்டிக்கொள்ளவும்."

போகப்போக அம்மனின் குணம் எல்லோருக்கும் பிடிபட்டது. அவளுக்குத் தெரிந்தவை இரண்டுதான்: வரவழைப்பது, அனுப்பிவைப்பது. பையனுக்கு வேலை கேட்டவர்களுக்கு வேலை கிடைத்தது, குவாஹாட்டியில். பிள்ளை வரம் கேட்டவளுக்கு, துபாயிலிருந்த புருஷன் பெட்டியோடு வந்து இறங்கினான். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். சர்க்கரை குறைய வேண்டும் என்று கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குறைப்பது அம்மனின் இலாகா அல்ல. எல்லோரும் சேர்ந்து மழை கேட்டபோது மழை வந்தது, சற்றுத் தாமதமாக. வந்து, மூன்றாம் தெருவில் கொஞ்ச நேரம் நின்று பெய்துவிட்டு, தென்காசிப் பக்கம் புறப்பட்டுப் போயிற்று.

"கல்லு ரயில்வே கல்லு. அது படிச்ச பாடத்தைத்தானே அது ஒப்பிக்கும்" என்றார் ஃபிலோமினா டீச்சர். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

படையலும் அதற்கேற்ப மாறியது. பொங்கல் நின்று, வாழையிலையில் கட்டிய புளிச்சோறும் தயிர்ச்சோறும் வந்தன. வேண்டுதலுக்கு வருகிறவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெட்டியோடு வந்தார்கள். கல்லுக்கு முன்னால் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். துண்டை நகர்த்தியவனோடு சண்டை போட்டார்கள். சண்டை முடிந்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்தார்கள், எல்லோரும் அதே ஊர்தான் என்று தெரிந்திருந்தும். இதெல்லாம் நடந்தது ஆவுடையம்மாளின் வாசலில். அவள் காலையில் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அரிசி களைந்த கழுநீரை ஊற்றுகிற மாதிரி கல்லுக்கும் ஒரு செம்பு ஊற்றுவாள். அவள் மட்டும் ஒன்றும் வேண்டிக்கொண்டதில்லை.

"ஏன் மதினி, வாசல்லயே சாமியை வச்சுக்கிட்டு நீங்க ஒண்ணும் கேக்கலியே?" என்று பகவதி ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு வர வேண்டியதும் ஒண்ணுமில்ல, போக வேண்டியதும் ஒண்ணுமில்ல. இருக்க வேண்டியதுதான் இருக்கு. அது இவளுக்குத் தெரியாதுல்லா" என்றாள் ஆவுடையம்மாள்.

இப்படி வருகையும் புறப்பாடும் பழகிப்போன ஊரில் ரயிலை எப்படித் தொடர்ந்து வெறுக்க முடியும்? எதிர்ப்பு தளர்ந்தது என்று சொல்லக் கூடாது; எதிர்ப்பு பக்குவப்பட்டது. முதலில் "ரயில் வேண்டாம்" என்று இருந்த பதாகையில், யாரோ ஒரு நல்ல காலையில் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். "நிற்காத ரயில் வேண்டாம்" என்று ஆயிற்று. அதற்கடுத்த கூட்டத்தில், நின்றால் வரட்டும் என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்தில், நிறுத்தத்துக்குத் தாழம்பூ நகர் என்று பெயர் வைக்க வேண்டும், பெயர்ப் பலகையில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆவுடையம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். மூன்றாம் தெருவில் அந்தச் சத்தம் நின்றதே எல்லோருக்கும் என்னவோ போல இருந்தது.

"அப்ப என் வீடு?" என்றாள்.

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மதினி, ஊர் நன்மைன்னு ஒண்ணு இருக்குல்லா. உங்களுக்கு மாத்து இடம் தருவான். புதுசாக் கட்டிக்கலாம். டைல்ஸ் போட்டுச் சுத்தமா இருக்கும்."

"டைல்ஸ்ல புளிப்பு நிக்காது அண்ணாச்சி."

"கொஞ்ச நாளானா நிக்கும்."

"இந்தச் சுவத்துல நிக்கவே என் பாதி ஆயுசு ஆச்சு. மீதிப் பாதியைப் பூச்சு வேலைக்கா குடுக்க? ரயில் வேணாம்னு நீங்க தொண்டை கிழியக் கத்தினப்போ, கூட்டத்துக்குக் கூட்டம் இட்லி அவிச்சுத் தந்தேன். அந்த இட்லியைத் தின்னுட்டா இப்ப ஸ்டேஷன் கேக்குதிய?"

இட்லி நன்றாக இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. செங்குட்டுவன் மட்டும், "வீட்டைக் காப்பாத்தக் கண்டுபிடிச்ச கல்லு. கடைசியில அதுவே வீட்டைக் கெடுத்துட்டு" என்று முணுமுணுத்தார். அதைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை.

வீட்டை இடிக்கும் நாள் வந்தது. இளவெயில் ஏறும் நேரத்தில் மண்வாரி இயந்திரம் ஒன்று மூன்றாம் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் ஜெனிட்டா நடந்து வந்தாள். சங்கத்தார் அவளுக்குப் போட ஒரு மாலையோடு நின்றார்கள். மாலையைப் போடுவது சரியா என்று யாருக்கும் தெரியாததால், அது கை மாறிக்கொண்டே இருந்தது. ஆவுடையம்மாளின் வீட்டுக்குள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் குக்கர் இருந்தது. ஜன்னலோரம் மாசானம் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, சாமானையெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்றாள் ஜெனிட்டா. அவள் குரலில் மோர் குடித்த நன்றி இருந்தது.

ஆவுடையம்மாள் கையில் மாவோடு வெளியே வந்தாள். வழக்கம்போல ஒரு செம்பு கழுநீரைக் கல்லின் தலையில் ஊற்றினாள். பிறகு, வீட்டுப் பெண்ணைத் திட்டுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, உன்னைய நட்டவளுக்கு மோர் குடுத்தது நானு. உனக்கு வாசல் விட்டது நானு. தெனம் தலை குளிர ஊத்துனேன், ஒண்ணும் கேட்டதில்ல. இருக்க வைக்க உனக்குத் தெரியாது. அது உன் குத்தமில்ல, உன் வளப்பு அப்படி. ஆனா அனுப்பத் தெரியும்லா? அப்ப வீட்டை அனுப்பு. சட்டி பானையை இல்ல. ஆளை இல்ல. வீட்டை. சுவரோட."

வீடு அசையவில்லை. கறுப்புச் சட்டைக்குள் வேர்த்துக்கொண்டிருந்த செங்குட்டுவன் மெதுவாகப் பலகையைக் காட்டினார்.

"மதினி, எங்கன்னு சொல்லணும்."

ஆவுடையம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தாழம்பூ நகரில் காலியாக இருந்த இடம் ஒன்றுதான். முதல் தெருவில், வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடம். பூங்கா வரும்வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று உலகநாதன் அதில் தகரக் கூரை போட்டுத் தன் காரை நிறுத்தியிருந்தார்.

"பூங்காவுக்கு" என்றாள்.

"அங்க என் காரு…" என்று உலகநாதன் ஆரம்பிப்பதற்குள், உள்ளே குக்கர் நீளமாக ஒரு விசில் கொடுத்தது. வீடு, பெட்டிகள் கோத்த வண்டி புறப்படும்போது செய்வது போல, ஒருமுறை பின்னால் இடித்து, பிறகு முன்னால் நகர்ந்தது.

அதன் பிறகு மக்கள் செய்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. வண்டி புறப்பட்டால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ஆவுடையம்மாள் ஓடிப்போய் வாசல்படியில் தொற்றிக்கொண்டாள், "பாத்து மதினி, ஓடுற வீட்டுல ஏறாதிய!" என்று நான்கு பேர் கத்தினார்கள். பெண்கள் கை அசைத்தார்கள். மூலையில் ஒருவர் காரணமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பகவதி, தன் வயதை மறந்து ஜன்னலோடு ஓடி, அம்மனுக்கென்று கட்டி வைத்திருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மாசானத்தின் கையில் திணித்து, "போனதும் போன் பண்ணுங்க அண்ணாச்சி!" என்றாள், இரண்டு தெரு தள்ளிப் போகிறவரிடம். "கையை வெளியே நீட்டாதிய!" என்றார் ஃபிலோமினா டீச்சர். வீடு இரண்டாம் தெருமுனையில் வேகத்தைக் குறைத்து, மின்கம்பத்தில் இடிக்காமல் ஒயிலாக வளைந்தது.

"தலைவரே, காரை எடுங்க! வீடு வருது!" என்று செங்குட்டுவன் முன்னால் ஓடினார். உலகநாதன் ஓய்வு பெற்ற பிறகு ஓடியது அன்றுதான். மாலை அப்போது அவர் கையில் இருந்தது, அதோடுதான் ஓடினார்.

காரை எடுத்த இடத்தில் தகரக் கூரையை மென்மையாக ஓரம் தள்ளிவிட்டு, கிழக்கே பார்த்தபடி வீடு வந்து நின்றது. ஜன்னல் வழியாக மாசானம் தலையை நீட்டினார். பல வருஷமாக யாரும் கேட்டிராத அவர் குரல் கேட்டது.

"இது எந்த ஸ்டாப்பு?"

"பூங்கா" என்றார் உலகநாதன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், மூச்சு வாங்க, மாலையை வீட்டு நிலைக்கதவில் மாட்டினார்.

மூன்றாம் தெருவில், சர்வே கல்லுக்குப் பக்கத்தில், ஈரமான சதுரமாக வெறும் தரை கிடந்தது. ஜெனிட்டா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சதுரத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு மேலதிகாரிக்குப் போன் செய்து, பாதையில் தடை எதுவும் இல்லை என்றாள். அது உண்மைதான்.

ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சுவரில் குடியிருந்தது கூடவே வந்ததா, வழியில் எங்காவது இறங்கிக்கொண்டதா என்று யாருக்குத் தெரியும்? அன்று மாலை ஆவுடையம்மாள் மாவை அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, பானையை மூடிச் சுவரோரம் வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் நகரமே தூக்குச்சட்டியும் கிண்ணமுமாகப் பூங்காவில் நின்றது. அவள் வழக்கமாக மூடி நகர்ந்திருக்கும் நேரத்தில் பானையைப் பார்த்தாள். மூடி நகரவில்லை. உலகநாதன் தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல நின்றாள்.

"பிரயாணம் பண்ணியிருக்குல்லா. அலுப்பு இருக்கும்" என்றார் மாசானம். ஒருமுறை பேசிவிட்டதால் அவருக்குக் கூச்சம் விட்டிருந்தது.

வெயில் சுவரைத் தொட்ட நேரத்தில் மூடி மெல்ல அசைந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மாவு பொங்கி, விளிம்பு தாண்டி, பானையின் வயிற்றில் வழிந்து இறங்கியது. ஆவுடையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று தாழம்பூ நகரில் எல்லா வீட்டிலும் காலைச் சாப்பாடு தாமதமானது. தாமதத்துக்கு யாரும் வருந்தவில்லை.

பிறகு தண்டவாளம் வந்தது, ரயிலும் வந்தது. அட்டவணைப்படி தாழம்பூ நகரில் எந்த ரயிலும் நிற்காது. ஆனால் தண்டவாளம் வந்தும் ஈரம் காயாத அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில், ஜல்லிக்கு ஓரமாக மஞ்சள் பூசி நிற்கும் கல்லைக் கண்டதும், ஒவ்வொரு பயணிகள் வண்டியும் யார் சொல்லியும் கேளாமல் கொஞ்சம் நின்று, மூச்சு விட்டு, அங்கே இன்னும் மிஞ்சியிருக்கும் புளித்த மாவின் வாசனையை முகர்ந்துவிட்டுப் புறப்படுகிறது. ஓட்டுநர்கள் பழகிவிட்டார்கள். பயணிகள் அந்த இடத்தை மாவுக்கடை ஸ்டாப் என்கிறார்கள். பெயரை எதிர்த்துச் சங்கம் தீர்மானம் போட்டது. மேலிடத்துக்கு மனு அனுப்பியது. ஒன்றும் நடக்காமல், கடைசியில் அம்மனிடமே வந்து, மாவுக்கடை என்ற பெயர் இங்கிருந்து போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்ல வேண்டுமே. அது அவர்களே மாட்டிய பலகை. பெயரை வாங்கிக்கொள்ள எந்த ஊரும் முன்வரவில்லை. பெயர் அங்கேயே இருக்கிறது. அம்மன் இருக்க வைத்தது அது ஒன்றைத்தான், அதுவும் தெரியாமல்.

ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் மாவுக்கடையைத் தேடுகிறார்கள். அங்கே கல்லும் ஈரமும்தான் இருக்கின்றன. எனவே வெயிலில் முதல் தெரு வரைக்கும் நடந்து வந்து, சரியாக உலகநாதன் கண்ணயரும் நேரத்தில், அவர் வீட்டு வெளிக்கதவைத் தட்டி வழி கேட்கிறார்கள். "பூங்காவுல" என்று அவர் கையைக் காட்டுகிறார். ரயில் சத்தத்தில் போகாத மதியத் தூக்கம் அப்படித்தான் அவரிடமிருந்து போயிற்று. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் அது தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பூங்கா வீட்டு ஜன்னலோரம், கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே, களைந்த அரிசியில் கையை விட்டபடியே, மாசானம் பகலெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறார்.